கோல்ஃப் திடலில் "நான் இதற்கு லாயக்கில்லை" என்று தோன்றிய விசுவாசிகள் – அனுபவப் பகிர்வு

பதினெட்டாம்குழி (சிலாங்கூர்) எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம் சபை ஆட்களில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனிதனின் தாழ்வு மனப்பான்மையை இவ்வளவு கிளறிவிடுகிற விளையாட்டு இன்னொன்று இருக்காது. கிரிக்கெட்டில் அவுட்டானால் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். கால்பந்தில் பந்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடலாம். இங்கே பந்து அசையாமல் புல்லில் கிடக்கிறது, யாரும் தடுக்கவில்லை, கூட வந்த மூன்று பேரும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படியும் அதைக் குளத்தில் கொண்டுபோய் விட்டால் காரணம் நீ ஒருவன்தான்.

நான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன். அம்மா பால்மரம் வெட்டியவர். சிலாங்கூரில் பழைய ரப்பர் தோட்டங்கள் எத்தனையோ வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறிவிட்டன என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வேலையில் கொஞ்சம் மேலே வந்ததும் வாடிக்கையாளர்களோடு கோல்ஃப் ஆடுவதும் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. கிளப் வாசலில் பைகளை இறக்கி வைக்கிற பையன் தமிழன். என்னை "பாஸ்" என்று கூப்பிட்டான். எனக்கு உள்ளே ஏதோ சுருங்கியது. இவனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது, நான் இந்த இடத்து ஆள் இல்லை என்று.

சபையிலும் இதே கதைதான். எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கச் சொல்லிப் போதகர் கேட்டுக்கொண்டே இருந்தார். "எனக்கு என்ன தகுதி இருக்கு, பாஸ்டர்" என்று ஒவ்வொரு முறையும் நழுவினேன். அதற்குத் தாழ்மை என்று பெயர் வேறு கிடைத்தது.

இப்போது சொல்ல வந்த சந்திப்பு. ஒரு கம்பெனி போட்டியில் ஈப்போவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை என் ஃப்ளைட்டில், அதாவது என்னோடு சேர்ந்து ஆடுகிற குழுவில், போட்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர். தூரமாக அடிக்கிற டிரைவர் மட்டையை எடுத்து அடித்தாலும் பந்து பக்கத்தில்தான் விழும், ஆனால் நேராக விழும். நான் குளம் இருக்கிற குழியில் பந்துகளைத் தொலைத்துவிட்டு எல்லாரிடமும் சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "தம்பி, யாருகிட்ட மன்னிப்பு கேட்கிறீங்க? அவங்க யாரும் உங்க ஆட்டத்தைப் பார்க்கல. அவங்கவங்க பந்து எங்க போச்சுன்னு அவங்கவங்க தேடிக்கிட்டிருக்காங்க."

அப்புறம் மீதிக் குழிகள் முழுக்க பெர்ன்ஹார்ட் லாங்கரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அதுவரை பெயர் மட்டும்தான் தெரியும். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் பக்கத்துச் சின்ன ஊர், அப்பா கொத்தனார், சிறுவயதிலேயே கேடி வேலைக்கு (ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிற வேலை) போன பையன். 1985இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றார். அதற்கு அடுத்த வாரமே ஹில்டன் ஹெட் போட்டிக்குப் போன இடத்தில் பாபி கிளாம்பெட் என்ற சக ஆட்டக்காரர் அவரை வீரர்களின் வேதபாடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதில் கத்தோலிக்க ஆலயத்தில் பூசை உதவி செய்தவர்தான். ஆனால் நல்லவனாக நடந்து சம்பாதிக்க முடியாத ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் உறைத்ததாக அவரே பிறகு சாட்சி சொல்லியிருக்கிறார். 1986இல் உலகத் தரவரிசைப் பட்டியல் முதல்முறையாக வெளியானபோது அதில் முதல் பெயரும் அவருடையதுதான்.

இதுவரை எல்லா சாட்சியிலும் வருகிற கதை. தலைமையாசிரியர் அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1991, கியாவா தீவு, ரைடர் கோப்பை. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மூன்று நாள் நடந்த மோதல் கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில், லாங்கருக்கு முன்னால் இருந்த சுமார் ஆறடி தூரத்துக்குச் சுருங்கிவிட்டது. எதிரே ஹேல் இர்வின். பந்து உள்ளே போனால் 14–14 என்று சமம், கோப்பை ஐரோப்பாவிடமே இருக்கும். போகாவிட்டால் அமெரிக்காவுக்கு 14½–13½. போகும் வழியில் யாருடைய ஷூ ஆணியோ கிளப்பிவிட்ட இரண்டு தடங்கள். அதைத் தட்டிச் சரிசெய்ய அன்றைய விதியில் இடமில்லை. பந்து குழியின் வலது ஓரமாக உரசிக்கொண்டு தாண்டிப் போனது. லாங்கர் தலையைப் பின்னால் சாய்த்துக் கத்திய அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த வாரமே ஜெர்மன் மாஸ்டர்ஸில் கடைசிக் குழியில் பதினைந்து அடி தூரத்துப் பட் (பந்தைத் தரையோடு குழிக்குள் உருட்டுகிற அடி) ஒன்றை உள்ளே விட்டு, சமநிலையை முறிக்கிற பிளே-ஆஃபுக்குப் போய் ஜெயித்தார். இதைச் சொல்லும்போது பெரியவர் கையை ஆட்டினார். "இதை விடுங்க, இது போனஸ். குறையில்லாத ஆளு உலகத்துல ஒருத்தர்தான், அவரையும் சிலுவையில அறைஞ்சாங்க, நான் ஒரு பட்டைத்தான் தவறவிட்டேன்னு அந்த மனுஷன் சொன்னாரு பாருங்க. அதைச் சொல்ல முடிஞ்சதுதான் விஷயம்."

அன்று என் ஸ்கோர் கேவலம். அது மாறவில்லை. ஆனால் சாரி சொல்வது நின்றுபோனது. வாலிபர் வேதபாடமும் இப்போது எடுக்கிறேன், சுமாராகத்தான்.

உங்களில் யாருக்காவது இப்படி யாராவது எதிர்ப்பட்டதுண்டா? எழுதுங்கள்.

நீலகிரிக்காரன் எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் மறுபக்கத்திலிருந்து வருகிறேன். என் அப்பா கேடி. நீங்கள் கூச்சப்பட்டு நின்ற வாசலுக்குள் அவர் தினமும் அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்பா சொல்கிற ஒரு விஷயத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. "பெரிய பெரிய ஆபீசர், எஸ்டேட் முதலாளி, எல்லார் கையும் மூணடி பட்டுக்கு நடுங்கும்டா. கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்குத்தான் அது தெரியும்." சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. பிறகு நேர்முகத் தேர்வுகளில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்று. கேடிக்கு நல்ல வருமானம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். ஆராதனையும் அதே நேரம். சபையில் ஒரு மூப்பர் அப்பாவை எல்லார் முன்னாலும் "பணக்காரன் பந்துக்குப் பின்னால ஓடுறவன்" என்று பேசியது எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை. அப்பா சாயங்கால ஆராதனைக்குப் போவார், கடைசி வரிசையில் உட்காருவார், திருவிருந்துக்கு எழுந்து போகமாட்டார். தகுதியில்லை என்ற எண்ணத்தை ஒருவனுக்குள் விதைக்க கோல்ஃப் கிளப் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புதிதாக வந்த ஆயர் ஒருவர், வந்த கொஞ்ச நாளிலேயே அப்பாவைத் தேடி கேடிகள் உட்காரும் கொட்டகைக்கே வந்தார். எதுவும் உபதேசிக்கவில்லை. இந்தப் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எப்படி என்று விசாரித்துவிட்டு, "அடுத்த ஞாயிறு நான் உங்ககிட்ட அப்பத்தைக் கொண்டுவந்து தர்றேன், நீங்க எழுந்து வரவேண்டாம்" என்றார். அடுத்த ஞாயிறு அப்பா எழுந்து போனார்.

கேடி வேலையிலிருந்து மேலே வந்தவர் லாங்கர் மட்டுமில்லை. பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓபனையே வென்றார். அந்தச் செய்தித்தாளை அப்பா மடித்து பைபிளுக்குள் வைத்திருந்தார். முனியப்பா கிறிஸ்தவரா என்று கேட்காதீர்கள். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

டல்லாஸ் அக்கா எழுதியது:

நீலகிரித் தம்பி, உங்கள் ஆயர் கதையை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

நான் பாளையங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு விசா காரணமாக வேலைக்குப் போக முடியாமல் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தேன். ஊரில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் அறுபது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இங்கே கடையில் இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவது முறை திரும்பச் சொல்லச் சொல்வார்கள். சபையில் பெண்கள் சின்னச் சின்னக் குழுவாக வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம் செய்வார்கள், ஆங்கிலத்தில். என் முறை வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். தமிழில் முழு இரவு ஜெபம் நடத்தியவள் நான்!

அந்தக் குழுவில் இருந்த ஒரு வயதான அமெரிக்க அம்மாதான் என்னைப் பந்து அடித்துப் பழகும் ரேஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனார். இங்கே நகராட்சித் திடல்கள் உண்டு, கிளப் சந்தா எல்லாம் கட்டவேண்டியதில்லை. சுடிதாரும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாகப் போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. (அண்ணா, உங்கள் தலைமையாசிரியர் சொன்னது நூற்றுக்கு நூறு.)

டல்லாஸ் என்றால் கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் ஊர். 2022 மாஸ்டர்ஸ் கடைசி நாள் காலையில் என்ன நடந்தது என்று ஜெயித்த பிறகு நிருபர்களிடம் அவரே சொன்னார். அவர் உலக முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்தவரைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னிலையில் இருக்கிறார். அந்தக் காலையில் குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். "நான் இதற்குத் தயாராக இல்லை" என்று மனைவி மெரிடித்திடம் புலம்பியிருக்கிறார். உலகத்தில் நம்பர் ஒன்! அப்படிப்பட்டவருக்கே இந்த எண்ணம் வருகிறதென்றால், திறமை கூடினால் இது தானாகப் போய்விடும் என்று நாம் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

எனக்குப் பிடித்தது மெரிடித்தின் பதில். "நீங்கள்தான் உலகத்திலேயே சிறந்தவர், உங்களால் முடியும்" என்று அவர் தட்டிக்கொடுக்கவில்லை. தயாராக இல்லை என்று சொல்ல நீங்கள் யார் என்கிற மாதிரி கேட்டாராம். கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் யாத்திராகமம் நாலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மோசே "நான் திக்குவாயன்" என்கிறார். கர்த்தர், "இல்லையப்பா, நீ நன்றாகத்தான் பேசுகிறாய்" என்று சமாதானம் சொல்கிறாரா? மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று திருப்பிக் கேட்கிறார். போ, உன் வாயோடு நான் இருக்கிறேன் என்கிறார், அவ்வளவுதான். திக்குவாய் சரியாயிற்று என்று எங்கேயும் எழுதியில்லை. பேச ஆரோனைத்தான் கூட அனுப்பினார். பவுலுக்கும் அப்படித்தான். முள்ளை எடுக்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது.

நமக்கு யாராவது "உன்னால் முடியும்" என்று சொல்லவேண்டும் என்றிருக்கிறது. வேதத்தில் அந்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், எனக்குக் கிடைப்பதெல்லாம் "நான் உன்னோடு இருக்கிறேன்" மட்டும்தான். இரண்டும் வேறு வேறு. முதலாவதை நம்பினால் அடுத்த பந்து குளத்துக்குப் போனதும் நம்பிக்கையும் கூடவே போய்விடும்.

இப்போது குழுவில் உடைந்த ஆங்கிலத்தில் ஜெபிக்கிறேன். நடுவில் வார்த்தை கிடைக்காவிட்டால் தமிழுக்குத் தாவிவிடுவேன். ஆமென் மட்டும் எல்லாருக்கும் புரிகிறது.

வேலூரான் எழுதியது:

நல்ல பதிவுகள்தான். ஆனால் யாராவது ஒருவர் இதைச் சொல்லியாக வேண்டும்.

விளையாட்டு வீரர்களின் சாட்சி என்றாலே எனக்கு அலர்ஜி. ஜெயித்தவன் கையில் மைக் கொடுத்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்வான். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே ஆண்டவரிடம் ஜெபித்துவிட்டு இரண்டாவது நாளே தகுதிச் சுற்றில் கழன்று ஊருக்குப் போனவனிடம் யார் மைக்கை நீட்டுகிறார்கள்? எங்கள் ஆண்கள் ஐக்கியத்தில் ஒருவர் வந்து, ஜெபித்துவிட்டு அடித்தேன், பந்து ஒரே அடியில் குழிக்குள் போனது, கர்த்தர் பெரியவர் என்று அரைமணி நேரம் சாட்சி சொன்னார். ஒரே அடியில் போட்டவர் கிளப்பில் இருக்கிற எல்லாருக்கும் குடிக்க வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த பில்லைப் பற்றிச் சாட்சியில் ஒரு வார்த்தை வரவில்லை.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேலை போய் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவர். "எனக்கு ஜெபிக்கத் தெரியலபோல" என்று வெளியே வந்ததும் சொன்னார். தாழ்வு மனப்பான்மையைப் போக்க வந்த சாட்சி அதை இன்னும் கூட்டிவிட்டுப் போனது.

பெய்ன் ஸ்டூவர்ட் என்ற ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 ஜூனில் பைன்ஹர்ஸ்டில் யு.எஸ். ஓபன் கடைசிக் குழியில் பதினைந்து அடி பட்டைப் போட்டு ஜெயித்தபோது, இயேசு என்ன செய்வார் என்று கேட்கிற எழுத்துகள் பொறித்த கைப்பட்டை அவர் மணிக்கட்டில் இருந்தது, மகன் கொடுத்தது. நாலு மாதம் கழித்து, அக்டோபர் 25, அவர் போன சிறு விமானத்தில் காற்றழுத்தம் போய், உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. பட் விழுந்ததை விசுவாசத்தின் பலன் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அதனால் லாங்கர் கதையில் நீங்கள் 1991ஐப் பிடித்துக்கொண்டது சரி என்றுதான் சொல்வேன். 1993 ஈஸ்டர் ஞாயிறன்று அவர் இரண்டாவது மாஸ்டர்ஸ் ஜெயித்ததைத்தான் கிறிஸ்தவப் பத்திரிகைகள் விரும்பும். எனக்கு ஷெஃப்லரிலும் பிடித்தது 2022 இல்லை. 2025இல் போர்ட்ரஷில் பிரிட்டிஷ் ஓபன் தொடங்குவதற்கு முன்பு, ஜெயித்த சந்தோஷம் சில நிமிஷம்தான், அப்புறம் ராத்திரி என்ன சாப்பிடலாம் என்கிற கேள்வி வந்துவிடுகிறது, இதயத்தின் ஆழத்தை இது நிரப்புவதில்லை என்று வெளிப்படையாகப் பேசினாரே, அதுதான். அந்த வாரமும் நாலு அடி வித்தியாசத்தில் அவரே ஜெயித்துத் தொலைத்தார், அது வேறு விஷயம்.

ஆர்மோனியப்பெட்டி எழுதியது:

வேலூரான் பிரதர், கை கொடுங்கள். என் அனுபவம் உங்கள் கட்சிக்குத்தான் உதவும்.

நான் சபையில் கீபோர்டு வாசிப்பவன். கோல்ஃப் என் மாமனார் வீட்டுச் சீதனம், அவர் ராணுவத்தில் இருந்தவர், நீலகிரி வெலிங்டனில் கற்றுக்கொண்டார், என்னையும் பிடித்துப் பழக்கிவிட்டார். நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் சின்னப் பட் அடிக்கும்போது வலது மணிக்கட்டு தானாக வெடுக்கென்று இழுத்தது. இரண்டடி தூரத்தில் இருந்த பந்து எட்டடி தாண்டிப் போனது. பெரிய ஷாட் எதிலும் பிரச்சினை இல்லை, டிரைவர் நேராகப் போகிறது. பட்டரை (பட் அடிக்கிற மட்டை) கையில் எடுத்தால் மட்டும் இந்த வெட்டு.

கோல்ஃபர்கள் இதை யிப்ஸ் என்பார்கள். பெயரைச் சொன்னாலே தொற்றிக்கொள்ளும் என்று சிலர் வாயால்கூடச் சொல்லமாட்டார்கள். மேயோ கிளினிக்கில் இதை ஆராய்ந்தவர்கள் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று பதற்றத்தால் வருவது. இன்னொன்று நரம்பு சம்பந்தப்பட்டது, ஒரே நுண்ணிய அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு அந்தத் தசை மட்டும் சொன்னபடி கேட்காமல் போவது. எழுதுகிறவர்களுக்கும் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கும் வருகிற அதே குடும்பம்தான். லியோன் ஃப்ளைஷர் என்ற பெரிய பியானோ கலைஞருக்கு 1960களில் வலது கை இப்படித்தான் போனது. இடது கைக்கு மட்டும் எழுதப்பட்ட இசையை வாசித்தும் இசைக்குழுவை நடத்தியும் பல வருடம் ஓட்டினார்.

என் பயம் கோல்ஃப் இல்லை, கீபோர்டு. ஆராதனையில் விரல் இழுத்தால்? ஒரு ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னேன். தலைமை தாங்கியவர் தலையில் கைவைத்து, இது பயத்தின் ஆவி, உங்கள் விசுவாசக் குறைவுதான் கதவைத் திறந்துவிட்டது என்றார். இரண்டு வாரம் நான் சபையில் வாசிக்கவில்லை.

என்னை மீட்டது மாமனார். வாயைத் திறந்தால் லாங்கர்தான் அவருக்கும். லாங்கருக்கு இளம் வயதிலேயே இந்த யிப்ஸ் வந்தது, போய்ப் போய்த் திரும்ப வந்தது. விசுவாசி ஆன பிறகும் வந்தது! அவர் என்ன செய்தார்? ஜெபித்தார், கூடவே பிடியை மாற்றினார். இடது கையைக் கீழே வைத்துப் பார்த்தார். பட்டர் பிடியை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார், பார்க்கவே விநோதமாக இருக்கும், அந்தப் பிடியோடுதான் 1993 மாஸ்டர்ஸ். பிறகு நெஞ்சளவு நீளமான பட்டருக்கு மாறினார். அதை உடம்பில் ஊன்றி அடிப்பதை 2016இல் தடைசெய்தார்கள், உடம்பைத் தொடாமல் அடிக்கப் பழகிக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்கச் சுற்றில் ஹேல் இர்வினின் 45 வெற்றிகளை 2023இல் தாண்டியவரும் இதே லாங்கர்தான். ஆம், கியாவாவில் எதிரே நின்ற அதே இர்வின்.

"கை நடுங்குதுன்னா வேற மாதிரி பிடி. ஆண்டவர் உன் பிடியைப் பார்த்து வெட்கப்படப் போறதில்ல," என்று மாமனார் சொன்னார். நரம்பியல் மருத்துவரிடம் போனேன். கீபோர்டில் விரல் வைக்கும் முறையை மாற்றினேன். பட்டுக்கு இடதுகைப் பிடி. சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை.

டல்லாஸ் அக்காவுக்கு ஒரு கேள்வி. கிதியோனைக் கர்த்தருடைய தூதன் "பராக்கிரமசாலியே" என்றுதானே கூப்பிட்டார்? அது தட்டிக்கொடுப்பதுதானே?

டல்லாஸ் அக்கா எழுதியது:

மாட்டிவிட்டீர்களே பிரதர். ஆமாம், கூப்பிட்டார். அதுவும் மீதியானியருக்குப் பயந்து திராட்சை ஆலைக்குள் ஒளிந்துகொண்டு கோதுமை அடித்துக்கொண்டிருந்தவனை. ஆனால் அந்த வசனத்தை முழுக்கப் பாருங்கள், "கர்த்தர் உன்னோடே இருக்கிறார்" என்பது சேர்ந்தே வருகிறது. கிதியோன் "நான் எல்லாரிலும் சிறியவன்" என்றதும் தூதன் அந்தப் பட்டத்தைத் திரும்பச் சொல்லி வாதாடவில்லை. "நான் உன்னோடேகூட இருப்பேன்" என்றுதான் பதில். சரி, அரை மதிப்பெண் உங்களுக்கு.

உங்களிடம் விசுவாசக் குறைவு என்று சொன்னவர் மேல் எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார்.

பதினெட்டாம்குழி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வேலூரானுக்கு ஒரு விஷயம். ஜெயித்தவர்களின் கதையிலும் சில பயன்படும். 2007 மாஸ்டர்ஸ், அதுவும் ஈஸ்டர் ஞாயிறில் முடிந்ததுதான். ஜாக் ஜான்சன் தூரமாக அடிக்கத் தெரியாதவர். நீளமான பார்-5 குழிகளில் (ஐந்து அடியில் முடிப்பது கணக்கு, அதுதான் பார்) மற்றவர்கள் இரண்டாவது அடியிலேயே கொடி நிற்கிற கிரீனைத் தொடப் பார்ப்பார்கள். அவர் நாலு நாளும் ஒரு தடவைகூட அதற்கு முயலவில்லை. பந்தைத் தண்ணீருக்கு முன்னாலேயே நிறுத்தி, மூன்றாவது அடியில் வெட்ஜ் என்கிற கிட்டத்து அடிக்கான மட்டையை எடுத்தார். அந்தக் குழிகளில் மட்டும் பாருக்குப் பதினொன்று குறைவு. டைகர் வுட்ஸ் இரண்டு அடி பின்னால். அவரும் இயேசு தன்னோடு நடந்தார் என்று பேசினார், உங்களுக்கு அலர்ஜி வரலாம். ஆனால் தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்ட அவர் ஒரு அடியைக்கூட வீணாக்கவில்லை. எனக்கு அந்தப் பாடம் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். இதில் குழிக்குக் குழி புள்ளி, அளவுக்கு மீறி எத்தனை அடி வாங்கினாலும் அந்தக் குழிக்குப் பூஜ்யம்தான், அதற்குக் கீழே போகாது, பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். 1930களில் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆரம்பக் குழிகளிலேயே சொதப்பியவர்கள் மனம் விட்டுப்போய்விடாமல் இருக்கக் கொண்டுவந்தது. ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டுகிற எண், சிறியதாக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்) பெரிய எண்ணாக இருக்கிறதே என்று வெட்கப்படவேண்டாம். 2020இல் வந்த உலக முறையில் 54 வரை அனுமதி, கடைசி இருபது ஆட்டத்தில் சிறந்த எட்டை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

நீலகிரித் தம்பி, உங்கள் அப்பா ஆடுவாரா? அவர் ஹேண்டிகேப் என்ன?

நீலகிரிக்காரன் எழுதியது:

ஆடுவார் அண்ணா. கிளப் மூடியிருக்கிற நாளில் கேடிகளுக்கு அனுமதி. யாரோ தூக்கிப்போட்ட அரை செட்டு மட்டைகள், மூன்று அயர்ன், ஒரு பட்டர். உறுப்பினர் இல்லாததால் ஹேண்டிகேப் என்று ஒரு எண் அவருக்கு யாரும் போட்டுக் கொடுத்ததில்லை. நான் பார்த்த அளவில் உறுப்பினர்களில் பாதிப் பேரைச் சுலபமாக அடித்துவிடுவார்.

கியாவா பட்டை அவருக்கு போனில் போட்டுக் காட்டினேன். அவர் லாங்கரைப் பார்க்கவே இல்லை. "கேடி எந்தப் பக்கம் அடிக்கச் சொன்னான்?" என்றுதான் முதலில் கேட்டார். பீட்டர் கோல்மன் என்பவர்தான் அன்றைக்கு லாங்கரின் கேடி. ஆணித் தடத்தைத் தவிர்க்க, குழியின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் பார்த்து, பலமாக அடிப்பது என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்ததாகப் படித்ததைச் சொன்னேன். அப்பா இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "சரியான யோசனைதான். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

2019 விதிப்படி இப்போது அந்தத் தடத்தைத் தட்டிச் சமன் செய்துவிட்டு அடிக்கலாம் என்று சொன்னதற்கு, அதெல்லாம் அவருக்கு எப்போதோ தெரியுமாம். கிரீனில் உட்கார்ந்து தட்டுகிறவர் யார் என்று நினைத்தாய் என்று கேட்டார்.